ஹெட்டைச் சீவாதீர்கள்: பழைய காரில் திறன் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவில் என் பட்டறைக்கு வரும் கார்களில் பாதி, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை வழியாகத்தான் வருகின்றன. கடந்த சனிக்கிழமை ஒரு புரோட்டான் இஸ்வாரா வாசல் மேட்டில் ஏறும்போதே அதன் நோய் என் காதுக்கு எட்டிவிட்டது. தகர டப்பாவில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம். ஓட்டி வந்த தம்பிக்கு இருபது வயது இருக்கும். “ஹெட்டை ஒரு மில்லிமீட்டர் சீவிவிட்டேன் அண்ணே. டைமிங் மட்டும் பார்த்துக் கொடுங்கள்” என்றான். ஹெட் என்பது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம். டைமிங் என்பது பிளக் தீப்பொறி விடும் நேரம்.

1998இல் நான் செய்த அதே காரியம், அதே அளவு. இந்த ஆண்டில் மட்டும் இப்படி வந்த மூன்றாவது கார் இது. அதனால்தான் எழுதுகிறேன். எண்ணெய் மாற்றுங்கள், பிளக் மாற்றுங்கள் என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அளக்காமல் தொடங்குவது

முப்பது வருடம் ஓடிய எஞ்சின், கம்பெனி கொடுத்த குதிரைத்திறனில் ஒரு பங்கை எங்கோ இழந்திருக்கும். அதை மீட்பதுதான் முதல் வேலை. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்து எழுதுங்கள். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் வேறு எதிலும் காசு போடாதீர்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், கோளாறு பிஸ்டன் ரிங்கிலா வால்விலா என்று தெரிந்துவிடும். எண்ணெய் விட்டதும் அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வைப் பாருங்கள்.

ஹெட்டைச் சீவுவது

சிலிண்டர் ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவினால் எரியறை சுருங்கும், அமுக்க விகிதம் (பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது) கூடும், திறனும் கூடும். இந்த மூன்றும் உண்மை. எவ்வளவு கூடும் என்பதை மட்டும் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

இப்போது பார்ப்போம். சாகா, இஸ்வாரா கார்களில் வந்த 1.3 லிட்டர் 4ஜி13 எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 71 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 325 சிசி. அமுக்க விகிதம் ஒன்பதரை என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேல் மிஞ்சும் இடம் 38 சிசி. ஒரு மில்லிமீட்டர் சீவினால் அதில் மூன்றரை சிசி அளவுக்குப் போய்விடும். விகிதம் பத்தேகாலைத் தாண்டும். இந்த மாற்றத்தால் கிடைக்கும் ஆதாயம், ஏட்டுக் கணக்கில்கூட இரண்டு விழுக்காட்டைச் சற்றுத் தாண்டினால் அதிகம். எழுபது குதிரைத்திறன் கொண்ட எஞ்சினில் அது ஒன்றரை குதிரை. பின்னிருக்கையில் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் அந்த ஒன்றரை குதிரை இருந்த இடம் தெரியாது.

இழப்பு இதைவிடப் பெரிது. அமுக்கம் கூடினால், பிளக் பற்றவைத்த தீ அறை முழுவதும் பரவுவதற்கு முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். சரளைக் கல் சத்தம் அதுதான். இன்றைய கார்களில் அந்தத் தட்டலை உணரும் சென்சார் இருக்கிறது. கணினி உடனே தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடும். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் வைத்த பழைய இஸ்வாராவுக்குக் காது கிடையாது. நம் ஊர் வெயிலில், எரியறையில் கரி படிந்த பழைய எஞ்சினில், ரோன் 95 பெட்ரோலில் அது தட்டிக்கொண்டே ஓடும். ரோன் எண் கூடினால் பெட்ரோல் தட்டலை அதிகம் தாங்கும். தட்டலை நிறுத்த டைமிங்கைப் பின்தள்ளினால், சீவிப் பெற்ற திறனும் போய், முன்பிருந்ததிலும் கொஞ்சம் போகும். ஆயுள் முழுக்க ரோன் 97 ஊற்றலாம் என்பவர்கள் விலைப்பலகையைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஹெட் கீழே இறங்கினால் வால்வுகளைத் திறக்கும் காம் ஷாஃப்டுக்கும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கும் உள்ள தூரம் குறைகிறது. இரண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டில் அந்தக் குறைவு காமைச் சற்றுப் பின்தங்க வைக்கிறது. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருந்த இடைவெளியும் சுருங்குகிறது. சீவுதல் என்பது வளைந்துபோன அலுமினிய ஹெட்டைச் சமப்படுத்தும் வேலை. இந்த வகை எஞ்சினுக்குக் கையேடு அனுமதிப்பது ஹெட்டும் பிளாக்கும் சேர்ந்தே 0.2 மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஐந்து மடங்கு.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே சிரம்பான் சாலையில் உள்ள புக்கிட் புத்துஸ் மேட்டில் படித்தேன். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் பொத்திப் பொத்தி ஓட்டிய சாகாவை வாங்கி, ஒரே மாதத்தில் ஹெட்டைச் சீவினேன். அப்போது பம்பில் 92, 97 என இரண்டு வகைப் பெட்ரோல் கிடைக்கும். என் கைக்கு எட்டியது 92. தங்கையின் கல்யாணப் புடவைகளைச் சிரம்பானில் வாங்கிக்கொண்டு வருகிறோம். பாரோய் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் தட்டல் ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் விடாமல் மிதித்தேன். பாதி மேட்டில் பின்னால் நீலப் புகை. கண்ணாடியில் சாலையே தெரியவில்லை. மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து, அந்தத் துண்டு சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தது. கார் இல்லாமல் வேலைக்குப் போக வழியில்லை. பழைய எஞ்சின் ஒன்று வாங்க அம்மா வளையலை அடகு வைத்தார். காலையில் நாலரை மணிக்கு எழுந்து பால்மரம் வெட்டப் போனவர் வாங்கிய வளையல். அதனால்தான், சீவிய ஹெட்டோடு ஒரு பையன் வந்து நிற்கும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது.

திறந்த காற்று வடிகட்டி

காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு பானெட்டுக்குள் திறந்த வடிகட்டி மாட்டினால், ரேடியேட்டரைக் கடந்து வந்த வெந்த காற்றைத்தான் எஞ்சின் குடிக்கும். 30 டிகிரிக் காற்று 60 டிகிரி ஆனால் அடர்த்தி ஒன்பது விழுக்காடு குறைகிறது. இதில் செம்பனைக் குலை லாரிகள் கிளப்பும் செம்மண் தூசி வேறு. மலிவான வடிகட்டியில் அது நேரே ரிங்குக்குப் போகும். கம்பெனி பெட்டியும் புதிய காகித வடிகட்டியும், முன்விளக்குப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று எடுக்கும் குழாயும் போதும்.

பெரிய புகைக்குழாய்

சத்தம் கூடும். மேட்டில் இழுவை குறையும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது

எஞ்சின் சூட்டைச் சீராக வைப்பது அது. திரும்ப மாட்டுங்கள்.

பந்தய காம் ஷாஃப்ட்

நிமிடத்துக்கு ஆறாயிரம் சுழற்சியில் கிடைக்கும் திறனுக்காக மூவாயிரத்தில் இருப்பதை விற்கிறீர்கள். கோல பிலா சாலையில், குடும்பத்தோடு போகும்போது உங்களுக்கு வேண்டியது மூவாயிரம்தான்.

அந்தத் தம்பியின் காரை அப்படியே நிறுத்திவைத்திருக்கிறேன். பழைய உதிரிபாகக் கடையில் சீவாத ஹெட் ஒன்று சொல்லியிருக்கிறேன். வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைத்து மாட்டப்போகிறேன். காத்திருக்கும் நேரத்தில் அவனை உள்ளே உட்காரச் சொல்லி ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதிக்கச் சொன்னேன். கார்புரேட்டரின் வாயை எட்டிப் பார்த்தேன். காற்றை உள்ளே விடும் தட்டு முக்கால் பங்குதான் திறந்திருந்தது. கேபிள் தளர்ந்து எத்தனை வருடமோ! அவனை அழைத்துக் காட்டினேன். ஒரு ஸ்பேனர், இரண்டு நட்டு, ஐந்து நிமிட வேலை. ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பும் அது அப்படியேதான் இருந்திருக்கிறது.