அசைன்மென்ட்டில் நகலைக் குறைப்பது எப்படி: கல்லூரி ஆசிரியர்களுக்கு

60 பேர் உள்ள வகுப்பில் 40 அசைன்மென்ட்டுகளில் ஒரே எழுத்துப்பிழை ஒரே வரியில் வந்து நின்றால், தண்டனையைப் பற்றி யோசிக்கும் முன் நீங்கள் கொடுத்த தலைப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ‘பணவீக்கத்தின் காரணங்களை விவரி’ என்பதற்கான விடை சென்ற ஆண்டு மாணவரின் நோட்டிலேயே இருக்கிறது. அந்த வேலையில் தாம் செய்வதற்கென்று எதுவும் மிச்சமில்லை என்று கண்டுகொண்டவர் அதைப் பார்த்து எழுதிவிடுகிறார். அதே பாடத்தை, வீட்டில் சென்ற மாதமும் இந்த மாதமும் வாங்கிய மளிகைப் பட்டியலை ஒப்பிட்டு எழுதுமாறு கேட்டால், பக்கத்து இருக்கையிலிருந்து எடுக்க ஒன்றும் கிடைக்காது.

அறிவியல் துறையினர் ரெக்கார்டு நோட்டிலிருந்து தொடங்க வேண்டும். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும் என்பது பள்ளியிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். தாம் அளந்ததில் 9.5 வந்த மாணவர் அதை அப்படியே எழுதினால் மதிப்பெண் குறைகிறது, ரீடிங்கைத் திருத்தி 9.79 என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது என்றால், பொய்யெழுதக் கற்றுக்கொடுப்பது ஆய்வகமே. (சீனியரின் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் எழுதினேன்.) ஆகவே விடைக்குரிய மதிப்பெண்ணில் பாதியை, 9.5 ஏன் வந்தது என்று மாணவர் தரும் விளக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேல்விளிம்போடு நிறுத்திவிட்டாரா, நிறுத்துக் கடிகாரத்தைத் தாமதமாக நிறுத்தினாரா என்பதை அவரே தேடி எழுதட்டும்.

தமிழ்வழியில் பள்ளி முடித்து வந்தவர், தம் ஆங்கிலம் கேலிக்குள்ளாகும் என்று அஞ்சியே புத்தக வாக்கியத்தை எடுத்தாள்கிறார். முதல் வரைவைத் தமிழில் எழுத அனுமதியுங்கள், இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்றும் முன்பே அறிவித்துவிடுங்கள். 5 பாடங்களின் அசைன்மென்ட்டும் ஒரே வாரத்தில் வந்து விழுவதைத் தவிர்க்க, துறைக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கித் தேதிகளைப் பிரித்துக்கொண்டால் போதும்.

ஆராய்ச்சி மாணவர்களிடம் ஒப்புமை விழுக்காட்டை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை, 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இதை மட்டுமே கேட்டவர், ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருள் 9 என்று காட்டும்வரை சொற்களை மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். அதற்குப் பதிலாக, ஒரு பத்தியைப் படிக்கச் செய்து, தாளை மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதவைத்து, பிறகு மூலத்தோடு ஒப்பிடச் சொல்லும் பயிற்சியை முதல் பருவத்திலேயே நடத்துங்கள்.

இறுதியாண்டு புராஜெக்ட்டைக் கடையில் விலைக்கு வாங்கி வருபவரைக் கண்டறிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. மாதம் ஒருமுறை வேலையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வான வைவாவில் புரோகிராமின் ஒரு வரியைச் சுட்டி, அதை உங்கள் எதிரிலேயே மாற்றி ஓட்டிக் காட்டுமாறு கேளுங்கள்.