நெடுந்தொலைவு டிரையத்லான் பயிற்சி: வேலையும் குடும்பமும் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில், பெரும்பாலும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய போட்டி இது. 1978இல் ஹவாயில் முதன்முறை நடந்தபோது 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். 2019இல் கோவாவில் இதன் பாதித் தொலைவுப் போட்டி நடக்கத் தொடங்கிய பிறகு, கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே விடியற்காலையில் தலைக்கவசத்தோடு சைக்கிள் மிதிப்பவர்களைப் பார்ப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. நானும் அவர்களில் ஒருவன். என்னோடு தொடங்கிப் பாதியில் விட்டவர்களில் கால் வலியால் விட்டவர்கள் குறைவு. நேரக் கணக்கைத் தப்பாகப் போட்டு, வீட்டில் முகம் கொடுக்க முடியாமல் விட்டவர்களே அதிகம்.

அந்தக் கணக்கில் நடக்கும் முதல் பிழை, பயிற்சி நேரத்தை மட்டும் எழுதிக்கொள்வதாகும். இரண்டு மணி நேர சைக்கிள் பயிற்சி என்றால், டயருக்குக் காற்றடிப்பது முதல் குளித்துச் சாப்பிட்டு, சோபாவில் கண்ணைச் செருகிக்கொண்டு கிடப்பது வரை வீட்டைப் பொறுத்தவரை மூன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. இதை மனைவியிடம் "ரெண்டு மணி நேரம்தான்" என்று சொல்லிவிட்டுப் போவது, தெரிந்தே செய்யும் பொய். பயிற்சி அட்டவணையைக் கைப்பேசியில் ஒளித்து வைக்காமல், சமையலறைச் சுவரில் முகூர்த்த நாள்கள் குறித்திருக்கும் மாதக் காலண்டரிலேயே எழுதுங்கள். எல்லைப்பகுதியில் ஓணமும் உண்டு, பொங்கலும் உண்டு. கல்யாணங்களும் இரண்டு பக்கத்திலும் உண்டு. அந்த நாள்களைக் கழித்த பிறகு மீதமிருப்பதே உங்கள் பயிற்சி நாள்கள்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாயில் வசிப்பவர்கள் இதை மறந்தால் மன்னிப்பே கிடையாது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு கிழக்கு நோக்கிப் பாயும். மார்கழி, தையில் அதே கணவாயில் கிழக்கிலிருந்து வீசும். ஓர் ஆனி மாத ஞாயிறன்று நான் உடுமலைப்பேட்டைப் பக்கம் புறப்பட்டேன். முதுகில் காற்று தள்ள, மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் சென்றபோது அதைக் கால்களின் திறமை என்று நம்பினேன். திரும்பும்போது 16ஐத் தாண்ட முடியவில்லை. கொல்லங்கோட்டில் பத்தரைக்கு முடியும் முகூர்த்தத்துக்குப் போக வேண்டியவன், பதினொன்றரைக்கு வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். பட்டுப்பாவாடை கசங்கத் திண்ணையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்; கூந்தலில் வாடத் தொடங்கிய மல்லிகையோடு மனைவி எதுவும் பேசவில்லை. அன்றிலிருந்து ஆனி, ஆடியில் முதலில் மேற்கே பாலக்காட்டுப் பக்கமும், மார்கழியில் முதலில் கிழக்கே பொள்ளாச்சிப் பக்கமும் போகிறேன். எதிர்காற்றைப் போகும்போதே வாங்கிக்கொண்டால், களைத்துத் திரும்பும் வேளையில் காற்றே வீடு கொண்டு வந்து சேர்த்துவிடும். சொன்ன நேரமும் தவறாது.

நேரம் குறைவாக இருப்பதால் கிடைக்கும் ஒவ்வொரு மணியையும் மூச்சு வாங்க உழைத்துத் தீர்க்க வேண்டும் என்று நினைப்பது, உத்தியோகஸ்தர்கள் விரும்பிச் செய்யும் தவறு. பெரும்பகுதிப் பயிற்சி, பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு இலகுவாக இருக்க வேண்டும். கடுமையான பயிற்சி வாரத்தில் ஒன்றோ இரண்டோ போதும். எல்லா நாளும் நடுத்தரக் கடுமையில் ஓடுபவர் வேகமும் பெறுவதில்லை, ஓய்வும் பெறுவதில்லை. மாலையில் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போது எரிந்து விழுவதுதான் மிச்சம். விட்டுப்போன பயிற்சியை மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டுவதும், தூக்கத்தை ஐந்து மணி நேரமாக வெட்டுவதும் இதே வகைப் பிழைகள். போன பயிற்சி போனதுதான்.

உணவில், எங்கள் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு மயக்கம் இளநீர். பொட்டாசியம் நிறைந்த நல்ல பானம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வியர்வையில் முக்கியமாக வெளியேறுவது சோடியம், அது இளநீரில் குறைவு. நீண்ட பயிற்சிகளில் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கரைத்த ஒரு லிட்டர் தண்ணீர் கூடவே இருக்கட்டும். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் உங்கள் உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பது தெரிந்துவிடும். மணிக்குச் சுமார் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். நேந்திரம்பழமோ, பொட்டலத்தில் வரும் சர்க்கரைக் கூழான ஜெல்லோ, எதுவானாலும் வயிறு ஏற்கிறதா என்பதைப் பயிற்சியிலேயே சோதித்துவிட வேண்டும்.

தோட்டத்துக் கிணற்றில் நீந்தக் கற்றவர்கள் போட்டியில் நீந்த வேண்டிய கடலைச் சுலபமாக எண்ணிவிடுகிறார்கள். கிணற்றில் வட்டமடித்துப் பழகிய உடம்புக்கு நேர்கோட்டில் நீந்தத் தெரியாது. சில கைவீச்சுகளுக்கு ஒருமுறை கண்களை மட்டும் நீருக்கு மேலே தூக்கி மிதவையைக் குறி பார்க்கவும் வராது. கிணற்றிலும் தனியாக இறங்காதீர்கள். பாசனக் கால்வாய் நேராக இருக்கிறதே என்று அதில் இறங்குவது அதைவிட மோசம்: சிமெண்ட் சரிவில் பாசி வழுக்கும், இழுப்பு நிற்காது, ஏறிவரப் பிடி கிடைக்காது. அருகிலுள்ள நீச்சல்குளம் 25 மீட்டர்தான் என்றாலும் அங்கேயே 3.8 கிலோமீட்டருக்கு 152 நீளம் எண்ணி நீந்துங்கள்.

விலையுயர்ந்த சைக்கிளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போட்டி நாளன்று புதிய ஷூவைப் போடாதீர்கள். பஞ்சர் ஒட்டவும் டியூப் மாற்றவும் வீட்டிலேயே பழகுங்கள்.

போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் பயிற்சி அளவைக் குறைக்கும்போது வாரத்தில் பல மணி நேரம் மிச்சமாகும். அதைப் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதிலும், கைப்பேசியில் கோவாவின் வானிலையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பதிலும் செலவழிப்பதுதான் கடைசித் தவறு. போன முறை அந்த வாரங்களில் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவளே தன் பையை எடுத்துக்கொண்டு, என் சைக்கிளைத் தாண்டிச் சென்று ஸ்கூட்டர் அருகே நின்றுகொண்டாள்.