சுவரில் வண்ணம் திட்டுத்திட்டாகத் தெரியாமல் எமல்ஷன் பூசுவது எப்படி?

எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட், பூசிய சுவர் காய்ந்தபின் ஓரிடத்தில் அடர்ந்தும் வேறோரிடத்தில் வெளிறியும் தெரிந்தால், பலரும் பெயின்ட்டின் தரத்தையே குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் பிழை, சுவர் நீரை ஒரே சீராக உறிஞ்சாததிலும், பூசிக்கொண்டிருக்கும்போதே ஓரம் காய்ந்துவிடுவதிலும்தான் இருக்கிறது.

முதலில் சுவரைத் தயார் செய்யுங்கள். புதிய சிமென்ட் பூச்சு குறைந்தது 28 நாள் காய்ந்திருக்க வேண்டும். ஓதம் ஏறிய சுவரென்றால் கசிவை அடைக்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. சுவரின் மேடுபள்ளத்தை நிரப்பும் பசையான பட்டியைப் பூசி, அது நன்றாகக் காய்ந்தபின் முதலில் 180, பிறகு 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்தெடுங்கள்.

பட்டி வைத்த இடம், பழைய பெயின்ட் இருக்கும் இடத்தைவிட வேகமாக நீரை இழுத்துக்கொள்ளும். அந்த வேறுபாடே பின்னர் திட்டாகத் தெரிகிறது. ஆகவே ஆணி ஓட்டைகளை மட்டும் அடைத்திருந்தாலும், சுவர் முழுவதற்கும் பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரை ஒரு கோட் அடியுங்கள். இந்தச் செலவை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது கோட்டுக்கு மீண்டும் பெயின்ட் வாங்க நேர்கிறது.

ஒரே எண் நிறத்தில் இரண்டு டப்பா வாங்கினாலும் அவற்றுக்குள் மெல்லிய நிற வேறுபாடு இருக்கலாம் என்பதால், இரண்டையும் பெரிய வாளியொன்றில் ஊற்றி ஒன்றாகக் கலக்குங்கள். டப்பாவில் குறிப்பிட்ட அளவு தண்ணீரை, கண் மதிப்பில் அல்லாமல் அளந்தே சேருங்கள்.

பூசும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மூலையையும் கூரையோரத்தையும் அறை முழுவதும் பிரஷால் முடித்துவிட்டு ரோலரை எடுப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அதற்குள் ஓரம் காய்ந்து, சுவரைச் சுற்றிச் சட்டம் போட்டதுபோல் கோடு விழுந்துவிடும். ஒரு சுவரின் ஓரத்தைப் பிரஷால் பூசியதும், அந்த ஈரம் காயுமுன் அதே சுவரில் ரோலரை ஓட்டுங்கள். மேலிருந்து கீழாக இரண்டு, மூன்று அடி அகலப் பட்டையாகப் பூசி, அடுத்த பட்டையை முந்தையதன் ஈர ஓரத்தின்மேல் சற்று ஏற்றி, கடைசி இழுப்பை எப்போதும் ஒரே திசையில், அழுத்தாமல் இழுங்கள். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் மறுபடியும் ரோலர் படவே கூடாது. ஓய்வெடுப்பதானால் சுவரின் மூலைவரை முடித்த பிறகே எடுங்கள்.

ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட்டைப் பூசலாம். மழைக்காலத்தில் இன்னும் அதிக நேரம் விடுங்கள். முழுதும் காய்ந்தபின் டார்ச் விளக்கைச் சுவரையொட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். திட்டு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் தொடாமல், வாளியில் மீந்திருக்கும் அதே கலவையால் மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் ஒருமுறை பூசிவிடுங்கள்.