காபியைக் குடித்துவிட்டு 20 நிமிடம் படுங்கள்

கல்யாண வேலையில் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியிருந்தால், மதியம் சாப்பிட்டதும் ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு உடனே படுத்துவிடுங்கள். 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும் எழுந்துவிடுங்கள்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. கண்ணைச் சொருக வைப்பது அதுதான். குட்டித் தூக்கம் அந்த அசதியைச் சற்றுக் குறைக்க, ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், காபியிலுள்ள காஃபின், மிச்சமுள்ள அடினோசின் மூளையில் தூக்கத்தைத் தூண்டாமல் தடுக்கிறது. இரண்டும் சேரும் நேரத்தில் நீங்கள் எழுந்திருப்பீர்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கம் பிடித்துக்கொண்டு, எழுந்த பிறகும் தலை கனக்கும். எனவே மெத்தை வேண்டாம். வளவை (வீட்டின் உள்முற்றத்தை) ஒட்டிய நடையில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு பாயும் தலையணையும் போதும். அந்தக் குளிர்ச்சிக்கே கண் அயரும்.

மாலை மூன்று மணிக்குப் பிறகு இதைச் செய்யாதீர்கள். உடலில் காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம்போல் ஆகும், இரவுத் தூக்கம் கெடும். கர்ப்பிணிகள், படபடப்பு உள்ளவர்கள், தூக்கமின்மையால் அவதிப்படுபவர்களுக்கு இது ஒத்துவராது. கல்யாணம் முடிந்த இரவே காரைக்குடியிலிருந்து சென்னைக்குக் கார் ஓட்ட இதை நம்பவே நம்பாதீர்கள். வேறு ஆளை ஓட்டச் சொல்லுங்கள், அல்லது தூங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும், அதைக் காபியால் ஈடுகட்ட முடியாது.