நிலாவெளி மணலுக்கு ஒரு உடுக்கு அன்ரெனா

நிலம் ஊடுருவும் ரேடார் என்பது மண்ணுக்குள் ரேடியோத் துடிப்பை அனுப்பி, புதைந்தவற்றின் எதிரொலியைக் கேட்கும் கருவி. அதற்கென்று நான் முதலில் செய்த அன்ரெனா, மேசையில் 400 மெகாஹேர்ட்ஸில் அழகாக நின்றது. திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக் கடற்கரை மணலில் வைத்ததும் முந்நூறுக்கும் கீழே இறங்கிவிட்டது. அன்ரெனாவில் பழுதில்லை. கணக்கில் மணலைச் சேர்க்காதது என் பிழை.

முதலில் மணல். ஒரு பொருளுக்குள் ரேடியோ அலை எவ்வளவு மெதுவாகும் என்பதைச் சொல்லும் எண் மின்கடவாமாறிலி; அதன் வர்க்கமூலத்தால் வேகம் வகுபடும். காய்ந்த மணலுக்கு அது ஏறக்குறைய 4. அதற்குள் அலை ஒரு நனோ செக்கனுக்கு 15 சென்ரிமீற்றர் ஓடும், காற்றில் 30. அன்ரெனா பாதி காற்றிலும் பாதி மணலிலும் கிடப்பதால் 1, 4 இரண்டின் சராசரியான 2.5 ஐ எடுங்கள். அதன் வர்க்கமூலம் 1.58. 400 மெகாஹேர்ட்ஸின் அரை அலைநீளம் காற்றில் 37.5 சென்ரிமீற்றர், 1.58 ஆல் வகுத்தால் 24 அளவில் வரும். தொடங்க இது போதும்.

இனி வெட்டுவோம். ஒரு பக்கம் மட்டும் செம்பு ஒட்டிய போர்ட், 24க்கு 24. மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டால் நாலு முக்கோணம். எதிரெதிரான இரண்டை விட்டுவிட்டு மற்ற இரண்டிலும் செம்பைச் சுரண்டி எடுங்கள். நடுவில் 3 மில்லிமீற்றர் இடைவெளி. படுக்க வைத்த உடுக்கு மாதிரி இருக்கும், போ-டை என்பார்கள். செம்பு உள்ள இடமும் இல்லாத இடமும் ஒரே வடிவம் என்பதால் கணக்குப்படி அதன் மின்தடங்கல் காற்றில் 188 ஓம், மணல்மேல் 120 அளவு. கேபிளையும் அன்ரெனாவையும் பொருத்திவைக்கும் சின்ன மின்மாற்றியைப் பாலன் என்பார்கள்; 50 ஓம் கேபிளுக்கு 1:2 பாலன் சரிவரும். 1:4 வாங்கினால் அது காற்றுக்குத்தான் பொருந்தும்.

தொல்லை தருவது மணியோசை. துடிப்பு செம்பின் விளிம்பில் மோதித் திரும்பித் திரும்பி ஓடும். கோயில் மணி அடங்காத மாதிரி. அந்த இரைச்சலுக்குள் மேலாகப் புதைந்தவற்றின் எதிரொலி அமுங்கிப்போகும். அதற்கு மையத்திலிருந்து 6, 8, 10 சென்ரிமீற்றரில் குறுக்கே கீறி, ஒவ்வொரு கீறலிலும் நாலைந்து சிப் ரெசிஸ்டர்களைப் பாலமாகப் பற்றவையுங்கள். வெளிப்பக்கம் போகப் போகப் பெறுமதி கூட வேண்டும். சக்தியில் ஒரு பங்கு சூடாக வீணாகும்தான். கொடுக்கலாம்.

அளப்பது மணலில்தான். ஒரு பேசினில் காய்ந்த மணலை நிரப்பி, போர்ட்டை அதன்மேல் வைத்து, அன்ரெனாவுக்கு அனுப்பிய சிக்னலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும் சிறு கருவியான நானோ வி.என்.ஏ.யில் பாருங்கள். மைனஸ் 10 டெசிபெல்லுக்குக் கீழே என்றால் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை.

அப்புறம் கடற்கரை. அலை நனைக்கும் பக்கம் போகாதீர்கள். உப்புநீர் சிக்னலைச் சில சென்ரிமீற்றரிலேயே விழுங்கிவிடும். தாழை நிற்கும் மேட்டில் ஒரு பிஸ்கட் ரின்னை அரை மீற்றர் ஆழத்தில் புதையுங்கள். துடிப்பு போய்வர 6.7 நனோ செக்கன். அனுப்ப ஒன்று, எதிரொலி வாங்க ஒன்று என்று இரண்டு அன்ரெனாக்களை மணல்மேல் இழுத்துப்போனால் திரையில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவு வரும். அதன் உச்சிக்கு நேர் கீழேதான் ரின்.

ரேடாரை இயக்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதி கேளுங்கள். ஆசையில் திருகோணமலையின் பிரட்ரிக் கோட்டைப் பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்; அங்கே இராணுவம் இருக்கிறது.