டச்பேட் தப்புங்க: விண்டோஸ், மேக், உபுண்டுன்னு மாறி மாறி உக்கார்றவங்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டைல கல்யாண ஆல்பம் டிசைன் பண்ற சின்ன கடை எங்களுது. ஒரு விண்டோஸ் 11 லேப்டாப், ஒரு மேக்புக், உபுண்டு (விண்டோஸுக்கு பதிலா போடுற இலவச சிஸ்டம்) போட்ட பழைய லேப்டாப் ஒண்ணு, இந்த மூணுலதான் வேலை. கத்துக்க வர்ற பசங்க மூணுலயும் மாறி மாறி உக்காருவாங்க. போன வாரம் புதுசா வந்த தம்பி எழுந்து நின்னு, "அண்ணா, முகூர்த்தம் போல்டரையே காணோம்ணா"ன்னான். எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா 2019ல நானும் இதே மாதிரி எழுந்து நின்னிருக்கேன்.

ஃபங்ஷன் கீ தட்டி டச்பேட் ஆஃப் ஆகுறது மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சத நான் எழுதல.

மேக்ல ஸ்க்ரோல் திசைய மாத்துறது

மேக்ல மவுஸ் மாட்டுனா வீல் தலைகீழா ஓடுற மாதிரி இருக்கும். உடனே மவுஸ் செட்டிங் போய் நேச்சுரல் ஸ்க்ரோலிங்க (விரல் போற திசைலயே பக்கமும் போறது) ஆஃப் பண்ணிடுறாங்க, அடுத்து உக்கார்றவனுக்கு டச்பேட் தலைகீழா ஓடுது. மவுஸுக்கு தனியா, டச்பேடுக்கு தனியா காட்டுனாலும் மேக்ல அது ஒரே சுவிட்சுதான். விண்டோஸ்லயும் உபுண்டுலயும் டச்பேடுக்கு தனி செட்டிங். மேக்ல பிரிச்சே ஆகணும்னா ஸ்க்ரோல் ரிவர்சர்னு ஒரு இலவச ஆப் இருக்கு, அத போட்டுக்கோங்க.

ரெண்டு தட்டு தட்டி இழுக்குறது

இதுதான் என்னால இன்னைக்கும் பொறுத்துக்க முடியாத தப்பு.

2019ல தண்டையார்பேட்டை கல்யாணம் ஒண்ணு, டி டிரைவ்ல முகூர்த்தம், ரிசப்ஷன், பழைய ப்ரூஃப்னு போல்டருங்க வரிசையா இருந்துச்சு. நான் முகூர்த்தத்த தட்டி, உடனே திரும்ப விரல வச்சு அப்படியே கீழ நகத்தியிருக்கேன், டச்பேட் அத "ரெண்டாவது தட்டு, இப்போ இழுக்குறான்"னு எடுத்துக்கிச்சு, விரல எடுத்த எடத்துல பழைய ப்ரூஃப் இருந்துச்சு, மொத்த போல்டரும் அதுக்குள்ள போயிடுச்சு. ஒரு மெசேஜ் வரல, ஒரு பச்சை கோடு ஓடல. ஏன்னா ஒரே டிரைவுக்குள்ள இழுத்தா அது மூவ், படங்க எடம் மாறாது, விலாசம் மட்டும்தான் மாறும், அதனால 40 ஜிபியா இருந்தாலும் கண்ணு மூடி தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிடும். வேற டிரைவுக்கு இழுத்திருந்தா காப்பி ஆகும், நேரம் எடுக்கும், நமக்கும் தெரிஞ்சிருக்கும்.

நான் பயத்துல டெலிட் ஆயிடுச்சுன்னே முடிவு பண்ணி ரெகவரி பண்றவர் ஒருத்தர் கிட்ட தூக்கிட்டு போனேன். 4,500 ரூபா. பேரெல்லாம் மாறி ஏதேதோ கல்யாணத்து படமா வந்துச்சு, பொண்ணு வீட்டுக்காரங்க ஃபோன் மேல ஃபோன். மூணாவது நாள் வேற வேலைக்காக பழைய ப்ரூஃப தொறந்தா முகூர்த்தம் உள்ள பத்திரமா உக்காந்திருக்கு.

அதனால போல்டர் காணோம்னா முதல்ல கைய எடுங்க. எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க, நிஜமாவே அழிஞ்சிருந்தா அதே டிரைவ்ல புதுசா எத எழுதுனாலும் பழைய படத்து மேல விழலாம். போல்டர் விண்டோல ஒரு க்ளிக் பண்ணிட்டு கன்ட்ரோல் இசட் அடிங்க, மூவ் ஆனது திரும்பி வந்துடும். மேக் ஃபைண்டர்ல கமாண்ட் இசட், உபுண்டுல கன்ட்ரோல் இசட்தான். அதுக்குள்ள சிஸ்டத்த ரீஸ்டார்ட் பண்ணிட்டா டிரைவ் முழுக்க அந்த போல்டர் பேர போட்டு தேடுங்க. நம்ம தம்பிக்கு ஒரே கன்ட்ரோல் இசட்ல வந்துடுச்சு, அவன் முகத்துல அப்பதான் ரத்தமே ஓடுச்சு.

நிறுத்துறதுக்கு விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட், டேப்ஸ். அங்க "டேப் ட்வைஸ் அண்ட் டிராக் டு மல்டி செலக்ட்"னு இருக்கும், டிக்க எடுத்துடுங்க. பேர்ல மல்டி செலக்ட்னு போட்டிருக்கறதால இதுதான் போல்டரையும் இழுக்குதுன்னு யாருக்கும் தோணுறதில்ல, எனக்கே ரொம்ப நாள் தெரியாது. மேல சென்சிடிவிட்டியையும் லோ பண்ணிடுங்க. மேக்ல இந்த பிரச்சினை கம்மி, தட்டுனா க்ளிக் ஆகுறதே கம்பெனில இருந்து வரும்போது ஆஃப்லதான் இருக்கும், அழுத்தணும். அங்க பழகுன பசங்க கைய டச்பேட் மேலயே சும்மா வச்சிருப்பாங்க, அந்த பழக்கத்தோட விண்டோஸ்ல உக்காரும்போதுதான் போல்டர் பறக்குது. உபுண்டுல டேப் டு க்ளிக் ஆன் பண்ணா தட்டி இழுக்குறதும் கூடவே வந்துடும், அங்கயும் கவனம்.

மூணு விரல் எல்லா எடத்துலயும் ஒண்ணுன்னு நெனைக்கிறது

மேல தள்றது மட்டும் ஏறக்குறைய ஒண்ணு, தொறந்து வச்ச விண்டோ எல்லாம் பரப்பி காட்டும். பக்கவாட்டுல தள்ளுனா விண்டோஸ்ல ஆப் மாறும், டெஸ்க்டாப் மாறணும்னா நாலு விரல் வேணும். மேக்லயும் உபுண்டுலயும் மூணு விரலுக்கே டெஸ்க்டாப் மாறும். மூணு விரலால தட்டுனா விண்டோஸ்ல சர்ச் வரும், உபுண்டுல அது மவுஸோட நடு பட்டன், செலக்ட் பண்ணி வச்ச எழுத்து அப்படியே பேஸ்ட் ஆகும். பத்திரிகை வாசகம் அடிக்கும்போது மாப்பிள்ளை பேரு ரெண்டு தடவ விழுறது இப்படித்தான், பிரின்டுக்கு போறதுக்கு முன்ன பாருங்க.

உபுண்டுல மூணு விரல் தள்றது வேலையே செய்யலன்னா டச்பேட குத்தம் சொல்லாதீங்க. 2021ல ஜிநோம் 40 (உபுண்டுல நாம பாக்குற டெஸ்க்டாப்) வந்தப்போ வந்த சைகைங்க இது. திரைல படத்த காட்டுறதுக்கு வேலண்ட், எக்ஸ்ஆர்க்னு ரெண்டு முறை இருக்கு, இது வேலண்ட்ல மட்டும்தான் ஓடும், எக்ஸ்ஆர்க்ல ஓடாது. லாகின் பண்ணும்போது கீழ மூலைல பல்சக்கரம் இருக்கும், அதுல மாத்திக்கலாம்.

எர்த் இல்லாத பிளக்

நம்ம ஏரியால பழைய வீடுங்க நெறைய, பாதி எடத்துல எர்த்தே இருக்காது, மூணு பின் சார்ஜர ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல சொருகியிருப்பாங்க. சார்ஜ் போட்டா மட்டும் கர்சர் துள்ளுதுன்னா, மெட்டல் பாடிய தொட்டா சுர்ருனு இருக்குதுன்னா, செட்டிங்க நோண்டாம சார்ஜர கழட்டி பாருங்க. சரியாயிட்டா எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க.

ஈரக் கை

தொடச்சிட்டு தொடுங்க.

டச்பேட் மேல எழும்பி வந்தா

செட்டிங்ல தேடாதீங்க, அழுத்தி உக்கார வைக்காதீங்க. உள்ள பேட்டரி உப்பியிருக்கும். சார்ஜர புடுங்கி, ஆஃப் பண்ணி, அன்னைக்கே சர்வீஸுக்கு எடுத்துட்டு போங்க.