தலைவலிக்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர்: நடுவில் விட்டுப்போவது என்ன?

"எதையாவது நினைச்சு மருகிக்கிட்டே இருந்தா தலை வலிக்காம என்ன செய்யும்?" மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதற்குப் பயந்தே பலர் தங்கள் மனச்சோர்வை மருத்துவரிடம் சொல்வதில்லை. சொன்னால் வலியே கற்பனை என்று ஆகிவிடுமோ என்ற தயக்கம். ஆனால் மைக்ரேன் மூளை சார்ந்த நோய். அது உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மைக்ரேன் வரும் வாய்ப்பும் அப்படித்தான். அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோயோடும் மைக்ரேனுக்கு உறவு உண்டு. எது முதலில் வந்தது என்று வழக்காடி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"நேற்று எரிந்து விழுந்தேன், அதனால்தான் இன்று வலி" என்று தன்னையே நொந்துகொள்வது இன்னொரு தவறு. வலிக்கு ஓரிரு நாள் முன்பே எரிச்சல், சோர்வு, அடிக்கடி கொட்டாவி எல்லாம் தலைகாட்டலாம். பல நேரம் அந்தக் கோபம் வலிக்குக் காரணமே அல்ல; தாக்குதலின் முதல் கட்டமே அதுதான். வலி, மனநிலை, தூக்கம், போட்ட மாத்திரை நான்கையும் ஒரே நோட்டில் குறித்து வந்தால் இது பிடிபடும். வலி இல்லாத நாட்களிலும் சேர்த்து 2 வாரமாக மனம் இருண்டே கிடந்தால், அதை மைக்ரேன் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பெரிய சிக்கல் மருந்தில்தான். மைக்ரேன் தடுப்புக்குக் கொடுக்கும் ஃபுளூனாரிசின் சிலருக்கு மனச்சோர்வைக் கிளப்பிவிடும். டோபிராமேட்டும் மனநிலையைக் குலைக்கலாம். முன்பு மனச்சோர்வு இருந்ததை மறைத்தால் மருத்துவர் எப்படித் தவிர்ப்பார்? பைபோலாருக்கு லித்தியம் சாப்பிடுபவர் தலைவலிக்குத் தானாக ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போடுவது இன்னும் ஆபத்து; ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். அதேபோல, தூக்கமே இல்லாமல் அளவுமீறிய உற்சாகத்தில் திரிந்த நாட்கள் உண்டென்றால், மைக்ரேன் தடுப்புக்கும் தரப்படும் மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அது அந்த நிலையை மறுபடி தூண்டக்கூடும்.

அமிட்ரிப்டிலின் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது மனநோய் மாத்திரையாமே" என்று நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மைக்ரேனுக்கு அது பெரும்பாலும் குறைந்த அளவில்தான் தரப்படும். அந்த அளவே மனச்சோர்வையும் தீர்த்துவிடும் என்று நம்புவதும் தப்புக் கணக்கு.

அப்புறம், மனம் சரியில்லாதபோதெல்லாம் வலி மாத்திரையைத் தேடும் பழக்கம். மாதத்தில் 15 நாள் பாரசிட்டமால், அல்லது 10 நாள் டிரிப்டான் (மைக்ரேன் வலிக்கென்றே உள்ள மாத்திரை) என்ற கணக்கில் சில மாதம் ஓடினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், "வலி தணியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று தள்ளாதீர்கள். கூட இருப்பவரிடம் சொல்லி அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.